கொபுசிங்கேயின் காவல் பொம்மை

கொபுசிங்கே என்றால் ருஹேதா மேட்டுப் பாஷையில் சமாதானத்துக்குரியவள் என்று பொருள். கொரில்லாக் காட்டை ஒட்டிய அந்த மேட்டில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. விடிந்தால் ஈர விறகைத் திட்டுவாள். விறகு பற்றிக்கொண்டால் புகையைத் திட்டுவாள். பிறகு புருஷன். அதற்கும் பிறகு, காடு.

சும்மா திட்டுகிற பெண்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய கோபம் ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஊரும் தேதியும் உண்டு.

அவள் அப்பன் மரம் அறுப்பவன். காட்டுக்குள் பள்ளம் வெட்டி, மேலே ஒருவன் கீழே ஒருவன் நின்று இழுக்கிற பெரிய வாள் அவனுடையது. கொபுசிங்கேக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த வருஷம் காட்டை மிருகப் பூங்கா ஆக்கி, சர்க்கார் ஆட்கள் அதைச் சுற்றிக் கல் நட்டார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் மிருகம், இந்தப் பக்கம் மனுஷன் என்றார்கள். வாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வாளைக் கேட்கப் போன அப்பனையும் உள்ளே வைத்தார்கள். வெளியே விட்டபோது வாளை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அறுக்கத்தான் மரம் இல்லை. அந்த வாள் அவர்கள் வீட்டுச் சுவரில் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டே இருந்தது. அப்பன் அதற்குக் கீழே உட்கார்ந்தே செத்துப்போனான்.

கல்லுக்கு இந்தப் பக்கம் மனுஷன் ஒழுங்காகத்தான் இருந்தான். மிருகத்தை ஒழுங்காக இருக்கவிடாமல் செய்தது வேறு ஆட்கள். கொரில்லா என்பது மனுஷ வாடை பட்டாலே பத்து மேடு தாண்டி ஓடுகிற ஜாதி. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்க வேண்டுமே, ஓடினால் எப்படிப் பார்ப்பது? அதனால் தினமும் காலையில் ஆட்கள் போய் அதுகளிடமிருந்து கொஞ்சம் எட்ட உட்கார்ந்தார்கள். அதுகளைப் போலவே தொண்டையைச் செருமினார்கள், இலையைப் பிய்த்துத் தின்பதுபோல் பாவனை செய்தார்கள். இரண்டு வருஷம் இதே பிழைப்பு. கடைசியில் அதுகளுக்குப் பயம் போயிற்று. பயம் போனதும் கல்லைத் தாண்டி வாழைத் தோட்டத்துக்கு வந்துவிட்டன.

வாழைத் தாரைத் தின்றாலும் மனசு ஆறும். தாரைத் தொடாது. மரத்தைச் சாய்த்து, பட்டையை உரித்து, உள்ளே இருக்கும் தண்டை நாலு வாய் மென்றுவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும். கொபுசிங்கேயின் தோட்டம் காட்டுக்கு ஒட்டினாற்போல, முதல் தோட்டம். அவள் நட்டதை எல்லாம் முதலில் ருசி பார்த்தது அதுகள்தான்.

அவள் புருஷன் கருஹங்கா சண்டைக்காரர் இல்லை. வாழைப்பழத்தை மிதித்து பீர் போடுவார், அதையே பீப்பாயில் ஏற்றிச் சாராயமும் இறக்குவார். சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு குடுவை குடித்துப் பார்ப்பார். சந்தேகமாக இருக்கிறது என்று இன்னொரு குடுவையும் பார்ப்பார். கொரில்லா விரட்டுகிற குழுவில் வீட்டுக்கு ஒரு ஆள் சேர வேண்டும் என்றபோது அவருக்கு முட்டி வலி வந்தது. கொபுசிங்கே போய்ச் சேர்ந்தாள். அந்தக் குழுவில் ஒரே பெண் அவள்தான். கொடுத்த ரப்பர் பூட்ஸ் இரண்டுமே இடது கால். அதற்கும் ஒரு கோபம்.

விரட்டுவதில் ஒரு முறை உண்டு. கல் எறியக் கூடாது, நாய் கூடாது, ஈட்டி கூடாது. கையில் ஆளுக்கொரு மணி. அரைவட்டமாக நிற்க வேண்டும், காட்டுப் பக்கம் மட்டும் வழி திறந்திருக்க வேண்டும். மணியை அடித்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக நெருங்க வேண்டும். முதுகு நரைத்த பெரிய ஆண் நெஞ்சில் அறைந்துகொண்டு பாய்ந்து வரும். அப்போது நின்ற இடத்தில் நிற்க வேண்டும், கண்ணைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஓடினால் கடிக்கும். நின்றால் திரும்பிப் போய்விடும்.

அந்த ஆணுக்குப் பூங்காக்காரர்கள் ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். கொபுசிங்கே அதை மாமனார் என்பாள். அவர்கள் வழக்கத்தில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. "சொல்லாம வரும், கேக்காம திங்கும், போற வழியில பேண்டு வைக்கும். நான் மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கணும். வேற என்னன்னு சொல்றது?" என்பாள். குழுத் தலைவன் பியமுகமா இதைக் கேட்டுச் சிரித்ததில் ஒருநாள் மணியைக் கீழே போட்டுவிட்டான்.

ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு காவல் பொம்மையும் நிற்கும். இரண்டு கழியைக் குறுக்கே கட்டி, பழைய சட்டை, பழைய போர்வை போர்த்திவிடுவார்கள். துணியைத் துவைக்கவே கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மனுஷ வியர்வை வாடை இருந்தால்தான் காட்டுப் பன்றி அண்டாது, பபூன் குரங்கு அண்டாது. துவைத்த துணியைப் போட்டவளைப் பார்த்து, பொம்மைக்குக் கல்யாணமா என்று கேலி செய்வார்கள்.

இப்போது சொறிக்கு வருகிறேன். இந்தக் கதையே சொறியைப் பற்றியதுதான்.

மேட்டில் சொறி புகுந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. ஒரே போர்வைக்குள் நாலு பேர் படுக்கிற வீடுகள். ஒருவனைப் பிடித்தால் வீட்டைப் பிடிக்கும். கொபுசிங்கேயின் கடைக்குட்டி மகள் அதுஹைரேக்கு விரல் இடுக்கில் தொடங்கி, இடுப்பு, தொடை எல்லாம் ஏறிவிட்டது. பிள்ளை தூங்காது. சொறிந்து சொறிந்து புண்ணாகி, புண்ணில் சீழ் வைத்து, எழுந்தால் நடக்க முடியாமல் காலை அகட்டி வைக்கும். கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளை முதுகில் கட்டிக்கொண்டு எத்தனை தடவை இறங்கினாள் என்பதற்குக் கணக்கில்லை. நர்ஸ் நல்ல பெண்தான். அலமாரியைத் திறந்து காட்டுவாள். காலியாக இருக்கும். மாவட்டத்திலிருந்து இன்னும் மருந்து வரவில்லை, அடுத்த வியாழக்கிழமை வாருங்கள் என்பாள். நர்ஸுக்கே மணிக்கட்டில் சொறி.

கொபுசிங்கேக்கு அந்தச் சமயத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. சொறிக்கு மருந்து. மகளுக்கு மட்டும் போட்டால் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வரும், ஆகவே மேட்டுக்கே மருந்து.

பிள்ளையின் போர்வை சீழும் ரத்தமுமாகக் கந்தலாகிவிட்டது. இனி போர்த்த முடியாது என்றானதும் அதை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்துப் பொம்மைக்குப் போர்த்தினாள். துவைக்கவில்லை.

அதற்குச் சில வாரம் கழித்துக் கொரில்லாக் கூட்டம் மறுபடி தோட்டத்துக்குள் இறங்கியது. குழு அரைவட்டம் கட்டி மணி அடித்து நகர்த்தியது. மாமனார் ஒரு தடவை பாய்ந்து காட்டிவிட்டுக் காட்டுப் பக்கம் திரும்பினார், மற்றவை பின்னால் போயின. ஒரு இளந்தாய் மட்டும் பின்தங்கியது. வேலியோரத் தைலமரத்தில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றது. தோளில் மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, தோல் சாம்பல் பூசினாற்போல வெளுத்திருந்தது. நெஞ்சில் தொங்கிய குட்டிக்கு அதைவிட மோசம். தாய் அசையும்போதெல்லாம் அது மெல்லிசாகக் கத்தியது.

கொபுசிங்கேயின் மணி நின்றுவிட்டது.

"என்ன ஞாபோ, மாமனார் மூஞ்சியப் பாத்துட்டீங்களா?" என்றான் பியமுகமா. ஞாபோ என்பது அங்கே பெண்பிள்ளைகளை மரியாதையாகக் கூப்பிடுவது.

"அந்தக் குட்டியப் பாரு. எங்க வீட்டுல ஒண்ணு இதே மாதிரி கத்துது" என்றாள்.

கூட நின்ற வனக்காவலர் தன் வயர்லெஸ் கருவியில் தகவல் சொன்னார். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வண்டி வந்து நின்றது. மிருக வைத்தியர், பெயர் ஓடோங், நாட்டின் வடக்கிலிருந்து வந்தவர், மேட்டுப் பாஷையை நொண்டி நொண்டிப் பேசுவார். வாயில் துணி கட்டி, கையுறை போட்டு, ஊசித் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார். எட்ட நின்றே தாய்க்கு மருந்தைச் செலுத்திவிட்டார். குட்டி ரொம்பச் சின்னது, அதற்கு அந்த ஊசியைப் போட முடியாது, தாய்க்குக் குறைந்தால் அதற்கும் குறையும் என்று காவலரிடம் சொன்னார்.

மேட்டு ஜனம் வேலியோரம் நின்று சொறிந்துகொண்டே இதைப் பார்த்தது. இரண்டு மழைக்காலமாக வராத மருந்து ஒரே பகலில் மலையேறி வந்து, ஒரு குரங்கின் தொடையில் இறங்கிவிட்டது.

வைத்தியர் திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கொரில்லா ராத்திரி இலையை மடித்துப் படுத்த இடத்தில் கிடைத்ததாம். பைக்குள் ஒரு துண்டுப் போர்வை. சிவப்புக் கோடு போட்டது.

கொபுசிங்கே தன் தோட்டத்துப் பொம்மையைத் திரும்பிப் பார்த்தாள். கழியில் ஒரு கிழிசல் மட்டும் தொங்கியது; மிச்சத்தைக் காற்றடித்துப் போயிற்று என்று இருந்துவிட்டாள். நேரே வீட்டுக்கு வந்தாள். அதுஹைரே வாசலில் உட்கார்ந்து முழங்காலைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் விறகைக்கூடத் திட்டவில்லை. கருஹங்கா பயந்துபோய்க் குடுவையை எடுக்காமலே படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கூட்டம் போட்டார்கள். பூங்கா அதிகாரி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். பேசினார், நிறையப் பேசினார். கொரில்லா நாட்டின் சொத்து என்றார். சொறி மனுஷரிடமிருந்து அதற்குத் தொற்றியிருக்கிறது என்றார். எல்லாப் பொம்மையையும் எரிக்க வேண்டும், எரிக்காதவருக்கு அபராதம் என்றார். கடைசியில், வைத்தியரிடமிருந்த பையை வாங்கித் தூக்கிக் காட்டி, இது யாருடைய போர்வை என்று கேட்டார்.

கூட்டம் தரையைப் பார்த்தது. அது யார் போர்வை என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை, அந்த மேட்டுக்காரர்களிடம் அது ஒன்று உண்டு.

கொபுசிங்கே எழுந்தாள்.

"என்னுது. என் மவளுது. நான்தான் போத்தினேன்."

அதிகாரி தலையை ஆட்டினார். "பாத்தீங்களா ஞாபோ, உங்க அஜாக்கிரதையால ஒரு உயிரு..."

"இருங்க செபோ" என்றாள். செபோ என்றால் ஐயா. அவள் வாயில் அது ஐயா மாதிரி ஒலிக்கவில்லை. "துவைக்காத துணியப் போட்டது என் தப்பு. அத நான் எங்கயும் சொல்லுவேன். எங்க பாட்டன் காலத்துலேருந்து அப்படித்தான் போடுறோம். அந்த வாடைய மோந்தா அதுங்க அந்தாண்டை ஓடும். இப்ப ஏன் ஓடல? ஏன் போர்வைய எடுத்துட்டுப் போயி மெத்தையில விரிச்சுப் படுக்குது? மனுஷ வாடைய அதுங்களுக்குச் சொந்தக்கார வாடையா ஆக்கினது யாரு? நானா?"

பின்வரிசையில் யாரோ ஆமாம் என்று முனகினார்கள்.

"சரி, எரிச்சுடுறோம். நாளைக்கு என் மவ என் தோட்டத்துக்கு வருவா. வாழைய புடிச்சுக்கிட்டு நிப்பா. அதே வாழைய அது வந்து புடிக்கும். அப்ப மவளையும் எரிச்சுடவா? மருந்து குடுங்க. மேடு மொத்தத்துக்கும் குடுங்க."

அதிகாரி பொறுமையாக விளக்கினார். அவர்களிடம் இருப்பது மிருகங்களுக்கான நிதி. அதில் ஒரு சொட்டு மருந்துகூட மனுஷருக்கு வாங்க முடியாது. மனுஷருக்கு வேறு துறை இருக்கிறது, அங்கே மனு கொடுக்கலாம் என்றார்.

"எந்தத் துறைன்னு சொறிக்குத் தெரியுமா செபோ?"

இதற்குச் சிரித்தார்கள். சொறிந்துகொண்டே சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து மணியை அவிழ்த்து அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். "மருந்து வர்ற வரைக்கும் இது இங்க இருக்கட்டும். கல்லு நட்டவங்க வந்து அடிச்சுக்கட்டும்."

பியமுகமா கொஞ்ச நேரம் தன் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனும் எழுந்து வந்து வைத்தான். அதன் பிறகு வரிசையாக வைத்தார்கள். கடைசி ஆள் வைத்தபோது மேசையில் இடமில்லை, அதிகாரியின் தொப்பியை நகர்த்திவிட்டு வைத்தான்.

கோபத்தில் எடுத்த முடிவு. நல்ல முடிவா என்று அவளுக்கே தெரியாது. ஏனென்றால் அடுத்த தடவை கொரில்லாக் கூட்டம் இறங்கினால் முதலில் போவது அவளுடைய தோட்டம்தான்.

கூட்டம் இறங்கியது. மத்தியான வெயிலில், நிதானமாக, சொந்த வீட்டுக்கு வருவதுபோல் வந்தன. மாமனார் கொபுசிங்கேயின் தாட்டியான வாழை ஒன்றைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தார். மடக்கென்று முறிந்த சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. மேட்டு ஜனம் வந்து நின்றது. ஒருவர் கையிலும் மணி இல்லை. இரண்டாவது மரம் போயிற்று. மூன்றாவது, நாலாவது. அந்த நாலாவது மரத்தில்தான் தார் முற்றிக்கொண்டிருந்தது.

கருஹங்கா பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "தட்டையாச்சும் எடுத்துத் தட்டுடி. நம்ம வாழடி அது" என்றார்.

"தெரியும்" என்றாள். "நட்டது நான்."

காட்டோரத்தில் நின்ற காவலரும் கைகாட்டிக் கெஞ்சினார். விரட்டாவிட்டால் வீடுகளுக்குள் போய்விடும் என்றார். அவள் அசையவில்லை. தாடை மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று.

அப்போது அந்த இளந்தாய் வந்தது. தோளில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது, நடையிலும் தெம்பு தெரிந்தது. மருந்து கேட்டிருக்கிறது. ஒரு கையில் குட்டி. கையைப் பிடித்துத் தூக்கி வரவில்லை, ஒரு காலைப் பிடித்து இழுத்து வந்தது. குட்டியின் தலை தரையில் உரசியது. செத்துச் சில நாளாகியிருக்க வேண்டும், ஈ மொய்த்தது. தாய் பொம்மைக் கழிக்குக் கீழே உட்கார்ந்தது. குட்டியை மடியில் போட்டு, வெளுத்த தோலில் செதிலை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தது. எடுத்து முடித்ததும் புரட்டிப்போட்டு மறுபக்கம் எடுத்தது.

பார்த்துக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானை மாதிரி போர்த்தியிருந்த துணியால் வாயை மூடிக்கொண்டாள். கொபுசிங்கேக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று காலை அவளும் அதே மாதிரி உட்கார்ந்து, மடியில் பிள்ளையைக் கிடத்தி, ஊசிமுனையால் பொருக்கை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வந்தது கோபம்தான். யார்மேல் என்று பிரிக்க முடியாத கோபம். அதிகாரி மேல், அலமாரி மேல், கல்மேல், துவைக்காத தன் கைமேல்.

வைத்தியர் ஓடோங் எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவரும் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு வண்டிக்குப் போய் வயர்லெஸ் கருவியை எடுத்து அதிகாரியோடு பேசினார். பேச்சில்லை, கத்தல். தன் பாஷையில் பாதி, மேட்டுப் பாஷையில் பாதி. இந்தக் கூட்டத்தைப் பார்க்க இனி ஒரு வெளிநாட்டுக்காரன் வரக் கூடாது, மேட்டில் கடைசி மனுஷனுக்குச் சொறி போகிற வரைக்கும் இந்தக் கூட்டத்துக்கு நான் பூட்டுப் போட்டுவிட்டேன் என்றார். அதற்கு அந்தப் பக்கமிருந்து என்ன பதில் வந்ததோ, "அப்படின்னா எழுதிக் குடுங்க, இன்னொண்ணு செத்தா நான் பொறுப்பில்லைன்னு" என்று கத்தினார்.

வெளிநாட்டுக்காரன் வரவில்லை என்றால் எவ்வளவு காசு நிற்கும் என்று அதிகாரிக்குத் தெரியும். இரண்டு மழைக்காலமாக வராத மருந்து அந்த வாரம் முடிவதற்குள் வந்தது. பெரிய பெரிய கேன்களில், வெள்ளையாக, நாற்றம் பிடித்த மருந்து.

அன்றைக்கு மேடே அம்மணமாயிற்று. பெண்கள் வைக்கோல் தட்டிக்குப் பின்னால், ஆண்கள் ஓடைப்பக்கம். கழுத்திலிருந்து கால் வரை நர்ஸும் மற்றவர்களும் பூசிவிட்டார்கள். புண்ணில் பட்டதும் கிழவர்கள்கூடக் குதித்தார்கள். வீட்டிலிருந்த துணி அத்தனையும் வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும், அவ்வளவு பெரிய பாத்திரம் மேட்டில் ஒன்றுதான் உண்டு. கருஹங்காவின் சாராயப் பீப்பாய். தம் பீப்பாயில் ஊரின் கோவணம் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கவலைப்படாதீங்க மாமா, அடுத்த ஏத்தம் நல்லா காரமா எறங்கும்" என்றான் பியமுகமா.

அதுஹைரே மருந்து பட்டு அலறி ஓய்ந்து, அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தது. கொபுசிங்கே நேராக வைத்தியரிடம் போனாள்.

"இது எங்களுக்கு வந்ததா, அதுக்கு வந்ததா?"

ஓடோங் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அதுக்குன்னு எழுதித்தான் வாங்கினேன் ஞாபோ. உங்களுக்குன்னு எழுதியிருந்தா இன்னும் வந்திருக்காது."

"நல்லா எழுதினீங்க" என்றாள். "குட்டி சாகறதுக்கு முன்னாடி எழுதியிருக்கலாம்."

நான் பொய்யில்லாமல் சொன்னால், அந்த மனுஷரைக் கடிந்துகொள்ள அவளுக்கு அவ்வளவு நியாயம் இல்லை. ஆனால் வேறு யாரும் அங்கே வந்து நிற்கவில்லையே. நின்றவன்தான் வாங்கிக்கட்டிக்கொள்வான்.

பொம்மையில் மிச்சமிருந்த கந்தலை அவளே எரித்தாள். கழிகளைப் பிடுங்கவில்லை. அதிகாரியிடம் கிடந்த மணிகளைக் குழு போய் எடுத்துக்கொண்டு வந்தது. மறுபடி கூட்டம் இறங்கியபோது அரைவட்டம் கட்டினார்கள். மாமனார் பாய்ந்து வந்தார், கொபுசிங்கே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அவர் காது கூசுகிற மாதிரி மணியை அடித்தாள். இளந்தாய் வெறும் கையோடு மற்றவற்றுக்கு நடுவில் போயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து மேட்டில் சொறி தலைகாட்டியது. சுகாதார நிலையத்து அலமாரி திரும்பவும் காலி. நர்ஸ் வியாழக்கிழமை என்று சொல்லத் தொடங்கியவள், கொபுசிங்கேயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கொபுசிங்கே அவளைத் திட்டவில்லை. மேட்டுக்குத் திரும்பிப் போய்க் குழுவைக் கூட்டிக்கொண்டு, இரண்டு இடது கால் பூட்ஸோடு மாவட்ட அலுவலகத்துக்கு நடந்தாள்.

அலுவலக முற்றத்தில் அரைவட்டமாக நின்றார்கள். வழியை ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தார்கள், மருந்துக் கிடங்குப் பக்கம். மணியை அடித்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக நெருங்கினார்கள். மாவட்ட அதிகாரி வெளியே வந்து சத்தம் போட்டார், கையை ஓங்கிக்கொண்டு படியிறங்கினார். பியமுகமாவுக்குக் கால் கொஞ்சம் பின்வாங்கியது.

"நில்லு" என்றாள் கொபுசிங்கே. "ஓடினாத்தான் கடிக்கும்."

இந்தத் தடவை அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அதிகாரி அரைவட்டத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த பக்கமாகத் திரும்பி, கிடங்குச் சாவியைக் கொண்டுவரச் சொன்னார்.